ஏழு வீட்டு அரிசி

என் அப்பா பிச்சை எடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆட்டையாம்பட்டியில் பன்னிரண்டு தறி போட்டிருந்தவர். பட்டுக்கரைத் துண்டு தோளில் இல்லாமல் தெருவில் கால் வைக்கமாட்டார்.

வேண்டிக்கொண்டது அம்மா. அதற்கு முந்தின ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் கண்டு, மூன்று வாரம் கண் திறக்காமல் கிடந்தேனாம். வைத்தியர் கையை விரித்துவிட்டார். பிள்ளை பிழைத்தால், தகப்பன் ஏழு வீட்டில் மடிப்பிச்சை வாங்கி, திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் பொங்கி, பொழுது இறங்குவதற்குள் எனக்கு ஊட்டுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். தானே கையேந்துவதாக நேர்ந்திருக்கலாம். அப்பாவுக்கு எது வலிக்கும் என்று பார்த்து அதையே கொடுத்திருக்கிறாள். இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். போன காய்ச்சலைப் பெயர் சொன்னால் திரும்பி வந்துவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். எட்டு வயதுக்காரியிடம், தேர் பார்க்கப் போகிறோம் என்றார்கள்.

வைகாசி மாதம். கோழி கூப்பிடக் கிளம்பினோம். நாங்கள் போய்ச் சேருவதற்குள் தேர் நிலைக்கு வந்துவிடுமோ என்று எனக்கு ஒரே தவிப்பு. அப்பாவுக்கு என்ன தவிப்போ, எனக்கும் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். நின்று ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை.

காளிப்பட்டியில் முதல் வீடு. அப்பா வாசலில் நின்று அரைக்குரலில் "அம்மா" என்றதும் கதவு திறந்தது. வீட்டுக்கார அம்மாள் முறத்தில் சன்ன அரிசியும் வெற்றிலை பாக்கும் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

"வாங்க, வாங்க. நேத்தே ஆளு வந்து சொல்லிட்டாருங்க. மோர் கரைச்சு வெச்சிருக்கறேன், உள்ளார வந்துட்டுப் போங்க" என்றாள். அரிசியை அப்பா ஏந்திய துண்டில் போட்டாள்.

அப்பா தெருக்கோடியில் எதையோ அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார். விஷயம் இதுதான். வழிநெடுகத் தமக்கு வேண்டப்பட்டவர்களாக ஏழு பேரைப் பொறுக்கி, முந்தின நாளே சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் அப்பா எதையும் முன்யோசனை இல்லாமல் செய்கிறவர் அல்ல.

அம்மா கத்தவில்லை. துண்டிலிருந்த அரிசியை அந்த அம்மாளின் முறத்திலேயே திருப்பிக் கொட்டினாள். "கோவிச்சுக்காதீங்கக்கா, இது செல்லாதுங்க" என்றாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "தெரியாத ஊட்டு வாசலுக்குப் போங்க. இதுல வெளையாட வேண்டாமுங்க." சொல்லும்போது அவளுக்குக் குரல் நடுங்கியது. அம்மாவுக்கு வீம்பு என்று நினைத்தேன்.

மல்லசமுத்திரத்தில் முன்பின் தெரியாத ஒரு வாசல். அங்கே நெல் காயவைத்துக்கொண்டிருந்தவள் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பட்டுக்கரைத் துண்டுல பிச்சையா? கையுங்காலும் நல்லாத்தானே இருக்குது. போய்ப் பொழப்பப் பாரு."

தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். வேண்டுதல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பதறிப்போய் படி அரிசி போட்டிருப்பாள். அப்பா சொல்லவில்லை. துண்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். வேட்டி முனையை மடியாகப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. பத்தடி பின்தங்கி, யாரோ பெற்ற பிள்ளை போல நடந்தேன். ஒரு வீட்டில் ஒரு பிடி அரிசி, ஒரு வீட்டில் சாமை. ஒருவர் கம்பு போட்டார். இரண்டு வீட்டில் நாயை ஏவிவிட்டார்கள். ஊரைத் தாண்டினால் வெறும் காடு, வெயில், மறுபடி நாலு கூரை. அம்மா விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். ஆறில் விரல் நின்றுபோயிற்று. பொழுதோ சாய்ந்துகொண்டே இருந்தது. இத்தனை வீடு ஏறி இறங்கினால் தேரை எப்போது பார்ப்பது என்று நான் முனகினேன். அம்மா காதில் வாங்கவேயில்லை.

திருச்செங்கோட்டுக்கு முன்னால் பாதையோரம் ஒரு கல்லுடைக்கிறவர் குடிசை. இடுப்பில் குழந்தையோடு வந்த பெண், பானையைக் கவிழ்த்துத் தட்டி அரைப்பிடி நொய் போட்டாள். "இவ்வளவுதாங்க இருக்குது" என்றாள், அவள்தான் தப்புச் செய்த மாதிரி. அப்பா மடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மண்ணில் முழங்கால் போட்டுவிட்டார். அவள் பயந்துபோய் உள்ளே ஓடினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

நாங்கள் அடிவாரம் சேர்ந்தபோது தேர் நிலைக்கு வந்து, வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று கல் கூட்டி, பொழுது இறங்குவதற்குள் அம்மா அவசர அவசரமாகப் பொங்கி இறக்கினாள். இலையைக் கண்டதும் நான், "பிச்சைச் சோறு எனக்கு வேண்டாம்" என்றேன். அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவரே உருட்டி, ஊதி, என் வாயருகே நீட்டினார். ரோஷத்தைவிடப் பசி பெரிதாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். நான் மென்று விழுங்கி முடிக்கும்வரை அவர் என் தொண்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மாவும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பலவீட்டுத் தானியமாயிற்றே, பல்லில் கல் அகப்படுகிறதா என்று பார்க்கிறார்களாக்கும் என்று நினைத்தேன்.

"கல்லு ஒண்ணும் இல்லீங்கப்பா" என்றேன்.

"இல்லையா சாமி?" என்றார் அப்பா. அடுத்த உருண்டையை உருட்ட வரவில்லை அவருக்கு. விரல்கள் சோற்றிலேயே நின்றன. நான், சீக்கிரம் கொடுங்க என்று வாயைத் திறந்துகொண்டிருந்தேன்.