ஈ மைனரா, ஜியா?

ஒரு பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதெல்லாம் கணக்குப் படிப்பிக்கிறவனுக்கு ஒரு வேலையா என்று நினைத்துத்தான் இறங்கினேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல ஆகிவிட்டது.

மனைவியின் தங்கைக்கு அடுத்த வெள்ளி உரும்பிராயில் கல்யாணம். மண்டபத்தில் தான் கேட்கும் சினிமாப் பாட்டை அக்கா பாடவேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம். என் மனைவி பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவள். போன ஆவணியில் கழுத்தில் தைரொயிட் ஒப்பரேசன் செய்த பிறகு அவள் வாய் திறந்து பாடவே இல்லை. "இந்தப் பாட்டு வராட்டி இனி நான் பாடுறதே இல்லை. பள்ளிக்கூடத்திலையும் வேறை பாடம் கேட்டு வாங்கிடுவன்" என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கனடாவில் இருக்கும் அவளுடைய அண்ணன் கிற்றார் வாசிப்பார். பாட்டின் கோர்ட்டுகளை, அதாவது சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டுகளை, வட்சப்பில் எழுதி அனுப்பினார். ஈ மைனர், சி, ஜி, டி. திரும்பத் திரும்ப இந்த நாலும்தான். என்ன கீ, அதாவது எந்தச் சுருதி, என்று ஒரு சொல் எழுதவில்லை. எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

முதலில் சுருதி, பிறகுதான் பாட்டு. கோயிலடியில் நாதஸ்வரமும் பஜனையும் கேட்டு வளர்ந்த இணுவில் காதுக்கு அது மாறாத விதி. ஆகவே முதலில் நிற்கும் கோர்ட்தான் சுருதி என்று எடுத்துக்கொண்டேன். ஈ என்றால் எங்கள் கணக்கில் மூன்று கட்டை. சுருதிப்பெட்டியை மூன்றில் வைத்தேன். அவள் இரண்டு வரி முணுமுணுத்துவிட்டு நிறுத்தினாள்.

"இதென்னப்பா, கலியாணப் பாட்டைச் செத்தவீட்டிலை பாடுற மாதிரிக் கிடக்கு."

"முதல் கோர்ட் ஈ மைனர் எண்டுதானே போட்டிருக்கு?"

"முதல் வாறதெல்லாம் சட்ஜமே? பாட்டு தைவதத்திலை துவங்குது. சட்ஜம் அதுக்கு மேலை."

ஒரு தாளை எடுத்து, நாலு கோர்ட்டிலும் உள்ள சுரங்களைப் பிரித்து எழுதினேன். அவை எல்லாம் ஈ மைனருக்கும் பொருந்தின, ஜிக்கும் பொருந்தின. இரட்டைப் பிள்ளைகளில் யார் மூத்தவர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்வதுபோல இருந்தது. கடைசியில், கீபோர்டை எடுத்து வாசித்து, ஒவ்வொரு கோர்ட்டிலும் பாட்டை நிறுத்திப் பார்த்தேன். டியில் நிறுத்தினால் அந்தரத்தில் தொங்கியது. ஈ மைனரில் நிறுத்தினால் இன்னும் ஏதோ சொல்ல இருப்பதுபோல இழுத்தது. ஜியில் மட்டும் அமர்ந்தது. அப்படியென்றால் ஜி. ஐந்து கட்டை.

"பாத்தீரே, உம்மடை கட்டைதான்!" என்று துள்ளினேன். சின்ன வயதிலிருந்து அவள் பாடிவருவது ஐந்து கட்டையில்.

பல்லவி வந்தது. சரணம் மேலே ஏறும் இடத்தில் குரல் போய், வெறும் காற்று வந்தது. மறுபடி பாடினாள். மறுபடியும் காற்றுத்தான். தண்ணீர் குடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்கள் கீயைப் பிழையாப் பிடிச்சிருக்கிறியள். திருப்பிப் பாருங்கோ."

என் கணக்குப் பிழைக்கவேண்டும் என்று நான் அன்றைக்குப்போல ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. போனில் அசல் பாட்டைப் போட்டு, கூடவே கீபோர்டில் ஜியை அமத்தினேன். இரண்டும் கீரியும் பாம்புமாக நின்றன. "பிழைதான்! பிழைதான்! கோதாரி பிடிச்ச கோர்ட்!" என்று கத்திக்கொண்டே கனடாவுக்கு அழைத்தேன். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மச்சான், உம்மடை ஜி பாட்டோடை பொருந்தேல்லை."

அவர் சிரித்தார். "ஐயோ, நான் மூண்டாவது ஃப்ரெட்டிலை கேப்போ போட்டெல்லே வாசிக்கிறனான்! சொல்ல மறந்துபோனன். விரல் பிடிக்கிறது ஜி. கேக்கிறது அதைவிட உயரம். அசல் பாட்டு பி ஃபிளாட்."

கேப்போ என்பது கிற்றாரின் கழுத்தில், ஃப்ரெட் என்னும் குறுக்குக் கம்பிகளுக்கிடையில் கவ்வும் ஒரு கிளிப். விரல் பிடி மாறாது, பாட்டு மட்டும் உயர்ந்துவிடும். போனை வைத்துவிட்டு நான் முழித்துக்கொண்டிருந்தேன். அசல் பாட்டு உயரத்தில் இருக்கிறது. நாங்கள் வாசித்தது அதைவிடக் கீழே. ஒப்பரேசனுக்கு முன் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, போனோடு சேர்ந்து, அந்த உயரத்திலேயே இந்தப் பாட்டைப் பாடியவள் இவள். இப்போது இறக்கி வாசித்தும் வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழி குழப்புவதுதான். "அப்ப பாருமன், கோர்ட் முழுக்கப் பிழை. அதுதான் உமக்குக் குழம்பினது. நான் இன்னொருக்காக் கணக்குப் பாத்து..."

"இஞ்சேருங்கோ." அவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள். "கீழை வாசிச்சும் எனக்கு வரேல்லை. இதுக்கு என்ன கணக்கு?"

எனக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. மச்சான்மேல், கேப்போமேல், அவள் கழுத்தை வெட்டிய கத்திமேல்.

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தானை ஒரு படி இறக்கி, மேல் சுரத்தை முனகிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். இன்னொரு படி. இன்னும் ஒன்று. பிறகும் இறக்கினாள். ஓரிடத்தில் கையை எடுத்துவிட்டு, "வாசியுங்கோ" என்றாள்.

அதே ஜியைத்தான் பிடித்தேன். கீழே எங்கேயோ இருந்து ஒலித்தது. சரணத்தின் உச்சி உடையாமல் வந்தது. கனமான, எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரல். என் வீட்டில் யார் பாடுகிறார்கள் என்று ஒரு கணம் விளங்கவில்லை. கண் நிறைந்து, டி வரவேண்டிய இடத்தில் சியை அமத்திவிட்டேன். அவள் நிற்காமல் முடிவுவரை பாடினாள்.

"இனி எல்லாப் பாட்டையும் இப்பிடி இறக்கித்தானே பாடோணும்?"

"ஓம்" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை ஆராவது 'பிள்ளைக்குக் குரல் மாறிப்போச்சு' எண்டு சொன்னா, நீங்கள் குறுக்கை கதைக்கக் கூடாது. ஓம் எண்டு நான்தான் சொல்லுவன்."