அளவுக்கு மேல் தாங்கிய கட்டிகள்

பாளையங்கோட்டைச் சோதனைக் கூடத்தில் டெபோரா வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடம். கட்டடம் கட்டுகிறவர்கள் தாங்கள் ஊற்றும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து, அரையடிச் சதுரக் கட்டியாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கொண்டு வருவார்கள். அவள் அதை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்கியது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். தேறாத கட்டியைத் தேறியதாக எழுதச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு, மிரட்டியவர்கள் உண்டு. ஒருமுறைகூட அவள் மசிந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

போன அக்டோபரில் வந்த ஒன்பது கட்டிகள் வேறு மாதிரித் தொல்லை கொடுத்தன. ஆழ்வார்திருநகரிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் எழும்பும் சமுதாயக் கூடத்தின் கட்டிகள் அவை. தாங்கும் அளவு இருபது வந்தால் போதும். ஒவ்வொன்றும் முப்பத்தொன்பதைத் தொட்டது. மூன்று வெவ்வேறு நாளில் வார்த்தவை என்று சீட்டு சொன்னது. ஒரே நாளில் வார்த்தால்கூட எண்கள் அப்படி ஒட்டி வராது.

சோதனைக் கூடத்தின் முதலாளி பீர் மைதீனிடம் போனாள்.

"அண்ணாச்சி, இது சரியில்ல."

"கூடக் காட்டுனா நல்லதுதானம்மா? குறைஞ்சாத்தான நமக்கு வம்பு."

"இவ்வளவு சிமெண்டு எவனும் தூணுல போட மாட்டான். கட்டிக்குன்னு தனியாக் கலக்குதாவ."

அவர் அறிக்கைத் தாளின் அடிவரியைக் காட்டினார். கொடுத்த மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும் என்று அச்சிட்டிருந்தது.

"கொண்டாந்தத உடைக்கோம். அதுக்கு மேல நமக்கென்ன பாடு?"

சனிக்கிழமை அவளே பேருந்து ஏறிப் போனாள். கட்டடத்தில் தூண்களும் கூரையும் மட்டும் நின்றன. ஆறுமுகத்தாய் என்ற கூலிக்காரப் பெண், புதுத் தூண்களில் சுற்றிய சாக்குக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டெபோரா பழைய தூண் ஒன்றை வீட்டுச் சாவியால் சுரண்டினாள். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"யக்கா, சோதனைக்குக் கட்டி வார்ப்பாவல்லா, அது எங்கன?"

"இங்கன வார்க்கதில்லம்மா. மேஸ்திரி டவுன்ல இருந்து வண்டியில கொண்டாருவாரு. நாலு நாள் கிடக்கும், போட்டோ புடிப்பாவ, பொறவு கொண்டு போயிருவாவ."

டெபோரா அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. ஒன்றியப் பொறியாளருக்கு எழுதிக் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்துத் தூண்களைத் துளைத்து, உருளை உருளையாகக் கான்கிரீட்டை எடுத்து வந்தார்கள். அவை தாங்கியது ஒன்பது, பதினொன்று, எட்டு. வேலையை நிறுத்தி, எல்லாவற்றையும் இடிக்க உத்தரவானது.

இடிக்கும் அன்று அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். சாலையோரம் நின்ற ஆறுமுகத்தாய் அவளை அடையாளம் கண்டு வந்தாள்.

"நீதான எழுதிப் போட்டது? எனக்கு வேலை போச்சு."

"கூரை விழுந்திருந்தா நீங்கதான யக்கா அடியில நின்னிருப்பீய?"

"நின்னேம்லா! நீ வந்து சுரண்டிப் பாத்த பொறவும் மூணு வாரம் அதுக்கடியிலதான் உக்காந்து கஞ்சி குடிச்சேன். அன்னைக்கே ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

யாருக்கு எழுத வேண்டும், எந்த விதியைக் காட்ட வேண்டும் என்றெல்லாம் யோசித்த டெபோராவுக்கு, எதிரே குடத்தோடு நின்றவளிடம் சொல்லத் தோன்றவே இல்லை.

மறுநாளிலிருந்து பழைய பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினாள். குறைந்த எண்களைத்தான் அவள் இத்தனை வருடமும் சந்தேகப்பட்டிருந்தாள். மிகையாகத் தாங்கியவற்றில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அப்படிப் பதினேழு கட்டடங்கள் அகப்பட்டன. பீர் மைதீன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, கடிதம் எழுதச் சோதனைக் கூடத்தின் பெயர் அச்சிட்ட தாள்கட்டை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். உரிமையாளர்களுக்குப் பதினேழு கடிதங்கள் போயின. நான்கு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

பதில் வராதவற்றில் ஒன்று, அவள் தினமும் வேலைக்கு வரும் வழியில் இருக்கும் கல்யாண மண்டபம். போன தை மாதம் ஒரு முகூர்த்த நாளில் பேருந்து அதன் வாசலில் நெரிசலில் நின்றுவிட்டது. மாடியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்த டெபோரா படியேறிப் போகிறவர்களை எண்ணத் தொடங்கினாள். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டு இறங்கி, மண்டபத்துக்குள் போனாள்.