நாலு அங்குலம்

வெர்லின் எந்த வண்டியையும் பத்தடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, வெளியிலிருந்துதான் பார்ப்பான். உள்ளே ஒரு ஆள் உட்கார வேண்டுமே என்ற நினைப்பு அவனுக்கு லேசில் வராது. கட்டியவள் விட்டுப்போனதற்கும் இதுதான் காரணம் என்று ஊரில் பேச்சு. ஊருக்கென்ன, எதையும் பேசும்.

தானியத் தொட்டி செய்யும் பட்டறையில் வெல்டிங் அவன் பிழைப்பு. கான்சஸ் வெயிலில் காய்ந்து கறுத்த முகம். ஓய்வு நாட்களில் ஊரார் கொண்டுவரும் பழைய வண்டிகளை வெட்டி, தாழ்த்தி, பெரிய எஞ்சின் பூட்டி, ஹாட் ராடாக மாற்றிக் கொடுப்பான். தனக்கென்று ஒன்று செய்துகொண்டதில்லை. அண்ணன் எம்மெட்டின் ஈரலில் புற்று என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சே எழுந்தது.

"அறுப்பு முடிஞ்சு ஜூலையில பழைய வண்டிங்க ஊர்வலம் வருதுல்ல, அதுல உன் பக்கத்துல உக்காந்து ஒரு சுத்து வரணும்டா. வேற எதுவும் கேக்கல" என்றான் எம்மெட்.

கேட்டே பழகாத மனிதன் கேட்டுவிட்டான். அந்த இலையுதிர் காலம் முழுக்க இருவரும் வண்டி தேடி அலைந்தார்கள். பழைய ஃபோர்டு பிக்கப்பைத் தொடவே முடியவில்லை. விலையைக் கேட்டதும் வெர்லினுக்கு மூச்சு வாங்கியது. ஒரு செவ்ரலே பளபளவென்று நின்றது. வெர்லின் துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடியில் வைத்தான். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. பெயின்ட்டுக்குக் கீழே இருந்தது இரும்பில்லை, துரு ஓட்டைகளை அடைத்த பட்டி.

"பவுடர் போட்ட பொணம்டா இது. வா போலாம்" என்றான் எம்மெட்.

கடைசியில் ஒரு மேய்ச்சல் நிலத்தில், கோழி அடைந்துகொண்டிருந்த பழைய இன்டர்நேஷனல் பிக்கப் ஒன்று கிடைத்தது. ஹாட் ராட்காரர்கள் யாரும் சீண்டாத வண்டி என்பதால் விலை மலிவு. எங்கே வைத்தாலும் காந்தம் கெட்டியாகப் பிடித்தது. ஆனால் கூரை மட்டும் உயர்ந்து, பானை கவிழ்த்த மாதிரி இருந்தது. வெர்லினின் முகம் சுருங்கியது.

எம்மெட் கோழியை விரட்டிவிட்டு உள்ளே ஏறினான். நிமிர்ந்த கழுத்தோடு உட்கார்ந்து எதிரே பார்த்தான்.

"இதையே எடுடா. தலை இடிக்காது."

"அதுக்காகவா வண்டி எடுப்பாங்க?" என்று சிரித்துவிட்டு வெர்லின் பணத்தை எடுத்தான்.

எம்மெட் இளவயதில் கோதுமை லாரி கவிழ்ந்து, கழுத்தெலும்பில் தகடு வைத்துக்கொண்டவன். கழுத்து குனியாது, திரும்பாது. பக்கத்து ஆளைப் பார்க்க உடம்போடுதான் திரும்புவான். ஊரே பார்த்துப் பழகிவிட்டதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. தம்பி கண்ணிலும்தான்.

குளிர்காலத்தில் எம்மெட் படுக்கையைவிட்டு அதிகம் நகரவில்லை. வெர்லின் வண்டி வேலை செய்யும் வீட்டுப் பட்டறைப் பக்கம் வந்தவர்கள் பெட்ரோல் பங்கில் காப்பி குடிக்கும் கூட்டாளிகள்தான்.

"என்னப்பா, உன் வண்டி தொப்பி போட்டுக்கிட்டு சர்ச்சுக்குப் போகுதா?" என்றான் ஒருவன்.

வெர்லினுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே கூரைத் தூண்களில் கோடு போட்டான். நாலு அங்குலம் அறுத்தெடுத்து, கூரையை இறக்கி ஒட்டினான். ஜன்னல்கள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது போலாயின. வெளியே வந்து பத்தடி தள்ளி நின்று பார்த்தான். அவன் கைப்பட்ட வண்டிகளில் இவ்வளவு அழகு எதற்கும் வாய்த்ததில்லை. அண்ணன் பார்த்தால் அசந்துபோவான் என்று அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தான்.

ஊர்வலத்தன்று காலையில் எம்மெட் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். புதுச் சட்டை போட்டு, மனைவி ஃபேயின் தோளைப் பிடித்துக்கொண்டு எம்மெட் வந்தான். வண்டியை நெடுநேரம் பார்த்தான்.

"அழகா இருக்குடா" என்றான்.

காலை உள்ளே வைத்தான். நெற்றி கூரை விளிம்பில் முட்டியது. பக்கவாட்டில் சாய்ந்து நுழையப் பார்த்தான், முடியவில்லை. இன்னொரு தடவையும் முயன்றான். கோழி அடைந்த வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அண்ணன் அப்போதுதான் வெர்லினுக்கு நினைவுக்கு வந்தான்.

"குனிய வரலடா" என்றான் எம்மெட், தப்பு தன்னுடையது போல. "கன்னுக்குட்டிய ஏத்துற மாதிரி என்னைப் பின்னாடி ஏத்திக்கிறியா?"

"இந்த வெயில்லயா? பேசாம வீட்டுக்குள்ள வாங்க" என்று ஃபேய் அதட்டினாள்.

"அண்ணே, வெட்டுன அளவுக்குத் தகரம் வச்சுக் கூரையத் தூக்கிடறேன். பத்து நாள் குடு."

"அவசரமில்லடா. நான் எங்க போகப்போறேன்?"

ஒட்டிய கூரையை மறுபடி அறுத்து உயர்த்துகிற ஹாட் ராட்காரனை யாரும் பார்த்ததில்லை. கூட்டாளிகள் வந்து பார்த்தார்கள். ஒருவரும் கேலி பேசவில்லை. வெர்லின் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. கூரை பழைய உயரத்துக்கு வந்தது, தூண்களில் வெல்டிங் தழும்பு பெயின்ட் இல்லாமல் பச்சைப் புண்ணாகத் தெரிந்தது. தள்ளி நின்று பார்க்காமல் உள்ளே ஏறினான். அண்ணன் அமர வேண்டிய இடத்தில் அவனைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தான். தலைக்கு மேலே கை நுழைந்தது. கண்ணாடி பொருத்தும் வேலை மட்டும் பாக்கி இருந்தபோது ஃபேய் போன் செய்தாள்.

"வண்டிய அப்படியே கொண்டு வா, வெர்லின். அதுலதான் போகணும்னு சொல்லிட்டுப் போனாரு."

சவப்பெட்டி பின்னால் சரியாகப் பொருந்தியது. கல்லறை வரை வெர்லின் மெதுவாக ஓட்டினான். கண்ணாடியில்லாத ஜன்னல் வழியே அறுப்பு முடிந்த வயல்களின் தூசி அடித்தது. வழியில் ஒரே ஒரு தடவை பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தான். ஒரு ஆள் நிமிர்ந்து உட்காரும் அளவுக்கு அங்கே இடம் இருந்தது.