சுருட்டப்பள்ளியில் இறக்கிவிட்டார்கள்

எங்கள் வீட்டில் டூர் என்றால் அது பெரியப்பா டூர். தேதி அவர் குறிப்பார், வேன் அவர் பேசுவார், யாருக்கு எந்த சீட் என்பதையும் அவரே சொல்வார். மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் திருவேற்காட்டிலிருந்து கிளம்பி, பெரியபாளையத்தில் அம்மனைக் கும்பிட்டு, ஊத்துக்கோட்டை தாண்டி சுருட்டப்பள்ளியில் சிவனைக் கும்பிட்டு, கடைசியாகக் கைலாசகோனை அருவியில் குளித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். சாமி முன்னால், தண்ணீர் பின்னால். அருவிக்கு முதலில் போனால் என்ன என்று அப்பா ஒரு தடவை கேட்டார். அதோடு நிறுத்திக்கொண்டார். அண்ணன் எதிரில் அவருக்கு வாய் என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு சாமியெல்லாம் இரண்டாம்பட்சம். அருவிதான் வேண்டும். அப்போது எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. முந்தைய டூர்களில் என்னைக் கரையிலேயே நிற்கவைத்து, தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றித் துவட்டிக் கூட்டிவந்துவிட்டார்கள். பொடிசுகள் அருவிக்கு அடியில் போகக்கூடாது என்பது பெரியப்பா போட்ட சட்டம். அந்த வருஷம் அவரே என் தலையில் தட்டி, “இதுவும் வளந்துட்ச்சு, இந்த வாட்டி உள்ள எறங்கட்டும்” என்று உத்தரவு கொடுத்திருந்தார். நான் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

அம்மாவும் அந்த வருஷம் குளிப்பதாக இருந்தாள். இது எங்கள் வீட்டில் லேசுப்பட்ட விஷயம் இல்லை. அருவிக்கரையில் பைகளையும் செருப்புகளையும் போன்களையும் கழற்றிக் கொடுக்கும் சங்கிலிகளையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவது எப்போதும் அம்மாதான். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பாறைமேல் உட்கார்ந்து, மற்றவர்கள் கூச்சல் போட்டுக் குளிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். “அக்கா, இந்த வாட்டி கொஞ்ச நேரம் நீங்க பாத்துக்குங்க, நானும் தலைய நனைச்சுக்கினு வந்துடறேன்” என்று அவள் பெரியம்மாவிடம் கேட்டபோது, பெரியம்மா ஏதோ சொத்தில் பங்கு கேட்டதுபோல முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். பிறகு எப்படியோ சரியென்றாள். அம்மா அம்பத்தூர் போய், அருவியில் குளிக்கவென்று ஒரு நீல நைட்டியும் பச்சைக்கரை போட்ட பெரிய துண்டும் வாங்கிவந்தாள். அவள் தனக்கென்று கடைக்குப் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டூர் அன்று ஜன்னலோர சீட்டுகளைப் பெரியப்பாவின் மகனும் மகளும் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கும் பெட்டி. அதன்மேல் ஒரு மெத்தையைப் போட்டு உட்காரவைத்தார்கள். தோசைக்கல்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெரியபாளையம் தாண்டியதும் வயிறு வலிக்க ஆரம்பித்தது. சொன்னால் அருவியில் இறங்க விடமாட்டார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

சுருட்டப்பள்ளியில் வேன் நின்றது. நான் முன்னால் இறங்கினேன், அம்மா பின்னால் இறங்கினாள். இறங்கியவள் சட்டென்று என் தோளைப் பிடித்து நிறுத்தி, பையிலிருந்த புதுத் துண்டை உருவி என் இடுப்பில் சுற்றினாள். “இவளுக்கு அவசரமா வருதாம், தோ வந்துட்றோம்” என்று சொல்லிவிட்டு, கோயிலுக்கு எதிரே இருந்த கட்டணக் கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே என் பாவாடையை மாற்றினாள். அந்தப் புதுத் துண்டைப் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தாள்.

“ஏம்மா கிழிக்கற? அருவில எத வச்சு தொடச்சுக்கறது?”

“சும்மா இரு. இன்ஜின் மேல உக்காந்தியே, அந்தச் சூடு. சூடு ஏறினா இப்படித்தான் ஆவும். யார்கிட்டயும் சொல்லாத.”

நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். என்னை அந்தப் பெட்டிமேல் உட்காரவைத்த அத்தனை பேர்மேலும் அங்கேயே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

வெளியே வந்தபோது எல்லோரும் தேங்காய் பழத்தட்டோடு கோயில் வாசலில் காத்திருந்தார்கள். அம்மா பெரியம்மாவின் காதோரம் போய், “அக்கா, நான் உள்ள வரல. எனக்கு ஆயிடுச்சு” என்றாள். பெரியம்மாவுக்கு ரகசியம் என்றால் தெருவுக்கே கேட்க வேண்டும். பெரியப்பா காதுக்குப் போக எவ்வளவு நேரம்?

“இன்னாம்மா நீ? எல்லாரும் மாத்திர போட்டுக்கினு வாங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! வருசத்துல ஒரு நாளு. அதுகூட முடியலன்னா இன்னாத்துக்கு வண்டி ஏற்றது?”

டூருக்கு முந்தைய வாரமே வீட்டுப் பெண்கள் எல்லோரும் நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையைச் சாப்பிட்டாக வேண்டும். அதுவும் பெரியப்பா சட்டம். மாத்திரையைப் பற்றி அவர் நடுத்தெருவில் நின்று கத்தலாம். மாத்திரை எதற்கு என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. என்ன நாகரிகமோ! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா மாதத்தில் சில நாள் விளக்கேற்ற மாட்டாள் என்பது மட்டும்தான்.

நானும் அம்மாவோடு வாசலிலேயே நின்றேன். எனக்கு வயிற்றுவலி என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்தக் கோயிலில் சிவன் விஷம் குடித்த களைப்பில் அம்மன் மடியில் தலைவைத்துப் படுத்திருப்பார். பெண்டாட்டி மடியில் படுத்திருக்கும் அந்தச் சாமியைப் பார்க்கத்தான் என் பெரியப்பா என் அம்மாவை வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

கும்பிட்டுவிட்டு வந்தவர் அடுத்த உத்தரவைப் போட்டார். “அருவிகிட்டயும் கோயில் கீது. இந்த அம்மா வண்டில வந்தா சரிப்படாது. இங்கயே பஸ் ஸ்டாப்புல குந்திக்கினு இருக்கட்டும், திரும்பி வர்றப்போ ஏத்திக்கலாம்.” அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் செருப்பில் அப்படி என்ன எழுதியிருந்தது என்று ஒருநாள் அவரிடம் கேட்க வேண்டும்.

நான் அதற்குள் வேனில் ஏறிவிட்டிருந்தேன். அம்மா வராவிட்டால் என்ன, அருவி வருமே. அப்போதுதான் அம்மா படியருகே வந்து, “அவளும் என்கூட இருக்கட்டும் மாமா” என்றாள்.

“கொழந்த இன்னா பண்ணுச்சு? அது வரட்டும்மா.”

“இல்ல மாமா. அவளுக்கு வயிறு வலி. எனக்கும் தனியா உக்கார பயமா இருக்குது. அவ இருக்கட்டும்.”

அம்மா பெரியப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போயும் போயும் எனக்கு எதிராகவா அந்தத் தைரியம் வரவேண்டும்! நான் சீட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினேன். வயிறு வலிக்கவில்லை என்று சத்தியம் பண்ணினேன். அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என்னை இறக்கினாள். வேன் போயே போய்விட்டது. அப்பாவும் அதில்தான் போனார்.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவை நான் பேசாத பேச்சில்லை. “நீ போகக்கூடாதுன்னா நீ போகாத. என்ன ஏன் புடிச்சு வச்சுக்கற? உனக்குப் பொறாம. நீ குளிக்க முடியலன்னு நானும் குளிக்கக் கூடாதுன்னு வயித்தெரிச்சல்.” தெலுங்கில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அம்மா ஒன்றுதான் சொன்னாள். “கத்தாதடி, இன்னும் வலிக்கும்.”

அன்றைக்கு அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வேளைகூட விடாமல் மாத்திரை போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருந்தாள். ஆனது எனக்கு. சில மாதம் கழித்து மறுபடி வந்தபோது, இன்ஜின் பக்கமே போகாமல் இது எப்படி வந்தது என்று அழுதுகொண்டு நின்றேன். அப்போதுதான் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா ஏன் மறைத்தாள் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் பெரியப்பா தன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தியிருந்தார். தெருமுனையில் ஆளுயர பேனர். கிரீடம் வைத்த அக்காவின் முகம், சுற்றிலும் கைகூப்பிய வட்டச் செயலாளர்கள். அக்கா படிக்கிற பள்ளிக்கூடத்துப் பையன்கள் அத்தனை பேரும் அந்த முனையில்தான் பஸ் ஏறுவார்கள். அந்த பேனர் கிழிகிறவரை அக்கா முகத்தை மூடிக்கொண்டு பின்சந்து வழியாகப் பள்ளிக்குப் போனாள். சுருட்டப்பள்ளியில் மட்டும் விஷயம் தெரிந்திருந்தால், என்ன நேரம், என்ன நட்சத்திரம், கோயில் வாசலில் ஆனதற்கு என்ன பரிகாரம் என்று பெரியப்பா அந்த நடுரோட்டிலேயே போனைப் போட்டு ஜோசியரைக் கேட்டிருப்பார். பத்து வயதில் என் மூஞ்சியும் தெருமுனையில் தொங்கியிருக்கும். அம்மா அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

அவள்மேலும் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. என்னைக் கோயிலுக்குள் விடாமல் வைத்திருந்தாளே, அது பெரியப்பாவுக்குப் பயந்தா, சாமிக்குப் பயந்தா? கேட்டால் “போடி வேலயப் பாத்துக்கினு” என்பாள். அடுத்த வருஷத்திலிருந்து பெரியப்பா அவளை டூருக்கே கூப்பிடவில்லை. “எதுக்கு வம்பு, நீ ஊட்லயே இரு” என்றார். நீல நைட்டியைப் போட்டுக்கொண்டு அம்மா வீட்டில் பாத்திரம் தேய்த்தாள்.

அன்றைக்கு இதில் ஒன்றும் தெரியாமல் நான் பெஞ்சின் ஒரு முனையிலும் அம்மா மறுமுனையிலும் உட்கார்ந்திருந்தோம். வெயில் சாய்ந்த நேரத்தில் வேன் வந்தது. எல்லோருக்கும் தலை ஈரம். பெரியப்பா துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, “இன்னா தண்ணி, இன்னா தண்ணி!” என்று டிரைவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா மட்டும் இறங்கி ஓடிவந்து ஒரு தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தாள். “உனக்காக அருவிலயே புடிச்சுக்கினு வந்தேன்டி.”

எனக்கு வந்ததே கோபம்! அருவிக்குப் பதிலாக ஒரு பாட்டிலா? மூடியைத் திருகி எறிந்துவிட்டு, அம்மா பார்க்கவேண்டும் என்றே அவள் எதிரில் போய் நின்று பாட்டிலை மண்ணில் கவிழ்த்தேன். அம்மா திட்டவில்லை, பிடுங்கவும் இல்லை. குனிந்து, விழுகிற தண்ணீருக்குக் கீழே இரண்டு கையையும் குவித்துப் பிடித்தாள். கையில் நின்ற தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். மிச்சத்தை உச்சந்தலையில் வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

எனக்குக் கொடுத்த ஒரு பாட்டில் தண்ணீரில்கூட இவள் பங்குக்கு வருகிறாளே என்று நான் கையை உயர்த்தி, மீதித் தண்ணீரை அவளுக்கு எட்டாத தூரத்தில் கொட்டினேன்.