சன்னலோரத்து ராஜகுமாரி

பெரம்பலூரில் நாடகக் கம்பெனி கலைந்தபோது உலகச் சண்டை நடந்த காலம். கேஸ் விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. இருட்டில் யார் நாடகம் பார்ப்பார்கள்? திரைச்சீலைக்கு வண்ணம் அடிப்பது என் வேலை. பிரஷ்களைத் துணியில் சுருட்டிக்கொண்டு அரியலூருக்கு நடந்தேன். ரயில் நிற்கிற ஊரில் ஏதாவது வேலை அகப்படும் என்று நினைத்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு அதற்குமேல் யோசனை ஓடவில்லை.

கடைத்தெருவில் ஓர் அச்சகம் இருந்தது. காலால் மிதித்து ஓட்டுகிற ஒரே மிஷின். கல்யாணப் பத்திரிகையும் நாடக நோட்டீசும் அடிப்பார்கள். முதலாளி பருத்த மனிதர், அதிகம் பேசமாட்டார். துணிக்கு அச்சுக் குத்துகிறவர்களிடம் நான் கொஞ்ச நாள் இருந்தவன், மரக்கட்டையில் படம் செதுக்குவேன் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். முகூர்த்த மாதம் முடிந்து மிஷின் சும்மா கிடந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் படத்திலேயே கதை சொல்கிற புத்தகம் ஒன்று போட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

"எழுத்து ஒரு வரி போதும். மிச்சத்தைப் படம் சொல்லணும். சந்தையில ஓடுச்சுன்னா மழை முடியுற வரைக்கும் இங்கயே இருந்துக்க. ஓடலைன்னா ஒனக்குச் சோறு போட எனக்கு வழியில்லப்பா" என்றார்.

முந்தின மழைக்காலத்தை ஒரு ரயில்வே ஷெட்டுக்கு வெளியே காய்ச்சலோடு கழித்திருந்தேன். இன்னொரு மழையை அப்படித் தாண்ட முடியும் என்று தோன்றவில்லை. சரியென்றேன்.

எடுத்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராட்சசன் ஒரு ராஜகுமாரியைச் சிறை வைத்திருக்கிறான். அவன் உயிர் ஒரு கிளிக்குள் இருக்கிறது. ராஜகுமாரி அவன் காலைப் பிடித்துவிட்டபடியே அந்த ரகசியத்தைக் கேட்டு வாங்குகிறாள். சன்னலுக்கு வெளியே ஒளிந்து நிற்கிற தன் புருஷன் ராஜகுமாரனிடம் சொல்கிறாள். அவன் ஏழு கடல் தாண்டிப் போய்க் கிளியைப் பிடிக்கிறான். இதைப் பக்கத்துக்கு நான்கு கட்டமாகச் செதுக்கினேன். மேலே இரண்டு, கீழே இரண்டு. முதலாளியின் அச்சகத்தில் விளக்குப் படம் இல்லாமல் எந்தத் தாளும் வெளியே போகாது. பத்திரிகைக்கு வைத்திருந்த குத்துவிளக்குக் கட்டையையே நான்கு கட்டமும் சேர்கிற நடுவில் வைக்கச் சொன்னார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மாதிரிக்குக் கொஞ்சம் அடித்து ஜெயங்கொண்டம் சந்தைக்குக் கொண்டு போனோம். முந்திரிக்கொட்டை விற்க வந்த ஒரு பெண், மகளோடு வந்து நாங்கள் புத்தகம் பரப்பியிருந்த சாக்கின் முன்னால் குந்தினாள். பக்கத்தில் புளி விற்கிற கிழவியும் எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் படத்தில் விரலை வைத்து ஓட்டினாள். மேலே இடது, மேலே வலது, அப்படியே கீழே இறங்கி வலது, அப்புறம் இடது. விளக்கைச் சுற்றி வலம் வந்தாள். ஆரத்தி எடுக்கிற கையும் சன்னதியைச் சுற்றுகிற காலும் போகிற வழி அதுதான். நடுவில் விளக்கை வைத்துவிட்டு வேறு வழியில் போ என்றால் யார் போவார்கள்? எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. கீழே இடதில் இருந்த சன்னல் படமும் வலதில் இருந்த குதிரைப் படமும் முன்பின்னாகிவிட்டன.

"புருசங்காரன் குதிரை ஏறிப் போயிட்டான். அப்பறம் இவ சன்னல்ல யார்கிட்டய்யா பேசிக்கிட்டு நிக்கிறா?" என்றாள்.

சன்னல் படத்தில் ராஜகுமாரனின் முதுகையும் தலைப்பாகையையும் மட்டும் போட்டிருந்தேன்.

"வேற எவனாச்சும் இருப்பான். ராட்சசனுக்கே பயப்படாதவ, ஊருக்கா பயப்படப் போறா?" என்றாள் கிழவி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் மகளின் கண்ணைப் பொத்தினாள்.

"புள்ளைங்களுக்கு விக்கிற பொஸ்தகமாய்யா இது?"

நான் விளக்கம் சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. அன்று ஒன்றுகூட விற்கவில்லை. முதலாளி எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அச்சகத்தில் பேச்சு எழுந்தது.

"வெளக்க நடுவுலேருந்து எடுத்துடலாம் மொதலாளி" என்றேன்.

"எடுத்து எங்க வைக்கிறது?"

"தலைப்புல வச்சுக்கலாம். படத்த ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு மட்டும் போட்டா சுத்தி வர வழியே இல்ல."

"தாள் எங்கய்யா இருக்கு? இருக்கிற தாளுக்குப் பக்கத்துக்கு ரெண்டுன்னா பாதிக் கதைதான் கொள்ளும்." கொஞ்சம் யோசித்தார். "அந்தச் சன்னல் படத்த மொதல்ல தூக்கு. வம்பே வேணாம்."

"அதத் தூக்கிட்டா கிளி இருக்கிற எடம் அவனுக்கு எப்படிங்க தெரியும்?"

கட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு கடலுக்கு ஏழு கட்டை செதுக்கியிருந்தேன். ஒன்றில் முதலை, ஒன்றில் சுழல், ஒன்றில் பாம்பு. நான் கடலைப் பார்த்தவனில்லை. ஏரியில் பெரிய அலை போட்டால் கடல் என்று வைத்துக்கொண்டேன். இருந்தாலும் நான் செதுக்கியதிலேயே அவைதான் அழகு. ஆனால் கடல் என்பது வெறும் தூரம். ராஜகுமாரி ராட்சசனின் காலடியில் உட்கார்ந்துகொண்டு பயப்படாமல் கேட்டதும், கேட்டதைச் சொன்னதும்தான் கதை. ஆறு கடலை எடுத்துத் தனியே வைத்தேன். பக்கத்துக்கு இரண்டாகப் போட்டாலும் மிச்சக் கதை இருக்கிற தாளில் அடங்கியது, விளக்கு தலைப்புக்குப் போனது. அந்தக் கடல் கட்டைகள் பிறகு அடுப்புக்குப் போயின. சன்னல் படத்தைப் புதுக் கட்டையில் மறுபடி செதுக்கினேன். இந்த முறை ராஜகுமாரன் முகம் தெரியத் திரும்பி நின்றான்.

திரும்பவும் ஜெயங்கொண்டம். அதே பெண் வந்தாள்.

"அன்னிக்கு வந்த ஆளுதானே நீ? இப்ப எவன்கூட நிக்கிறா ஒன் ராசகுமாரி?" என்று கேட்டுக்கொண்டே புத்தகத்தை வாங்கினாள்.

விரல் மேலிருந்து கீழே நேராக இறங்கியது. நான் வேறு எங்கோ பார்ப்பதுபோல் இருந்தேன். சன்னலில் விரல் நின்றது.

"ஓ, இவந்தானா" என்றாள். அடுத்த பக்கத்தைத் திருப்பி மகளிடம் காட்டினாள். "பாரு, ஏழு கடல் தாண்டிப் போறான்."

"ஒண்ணுதாம்மா இருக்கு" என்றது பிள்ளை.

"மிச்சம் அந்தாண்ட இருக்கும்டி. இத்தினியூண்டு தாள்ல கொள்ளுமா?"

வாங்கிக்கொண்டு போனாள். புளிக்கிழவி தன் பேத்திக்கு ஒன்று எடுத்தாள். சந்தை கலைவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தைக் கட்டி வண்டியில் ஏற்றினோம். வண்டி உடையார்பாளையம் தாண்டியது. பிறகு முதலாளி மாட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"மழை முடியறதுக்குள்ள இன்னொரு கதை வெட்டிடு. கடல் இல்லாத கதையாப் பாரு."