இடப்பக்கம் வந்த லாரிகள்

மூலைக் கண்ணாடி நொறுங்கிய கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கின் மேல் முழங்கைகளை ஊன்றி அண்ணன் உட்கார்ந்திருப்பது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிக்கு அவர் மினி பஸ் ஓட்டினார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மதிய நடை கிளம்ப முக்கால் மணி நேரம் இருக்கும்போது நான் போய், சூடேறிய எஞ்சின் மூடியின் மேல் துண்டை விரித்து அவர் பக்கத்தில் உட்காருவேன். இருவரும் மாறி மாறி ஹைவே கேம் விளையாடுவோம்.

எளிய விளையாட்டுதான். முடிவில்லாத நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே காரை ஓட்ட வேண்டும். எவ்வளவு நெருங்கி உரசாமல் தாண்டுகிறோமோ அவ்வளவு புள்ளி. எதிர்த் தடத்தில் ஏறி ஓட்டினால் இரட்டிப்பு. நான் ஒதுங்கியே போவேன். வெகுநேரம் தாக்குப்பிடிப்பேன், புள்ளி மட்டும் ஏறாது. அண்ணன் எடுத்த எடுப்பிலேயே எதிர்த் தடத்துக்குப் போய்விடுவார். "உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஓட்டுனா எங்கிட்டுத் தாயி பாயிண்டு வரும்?" என்று சிரிப்பார். நிஜச் சாலையில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்திக் காத்திருக்கிற மனிதர் அவர். அடக்கி வைத்த வேகத்தையெல்லாம் அந்தச் சின்னத் திரையில் தீர்த்துக்கொண்டார் போலும்.

ஒரு கோடையில் அவர் தோற்க ஆரம்பித்தார். முதலில் எனக்குக் குஷிதான். பிறகுதான் கவனித்தேன்: ஒவ்வொரு முறையும் இடப்பக்கத்து லாரியில்தான் மோதினார். வலப்பக்கம் வருவதிலிருந்து மயிரிழையில் தப்பும் அதே விரல்கள், இடப்பக்கம் வந்தால் அசையவே இல்லை. "கண்ணாடி ஒடஞ்சிருக்குல்ல, அதான்" என்றார். என் கைப்பேசியைக் கொடுத்தேன். அதிலும் அப்படியே. அவரை நேரே பார்க்கச் சொல்லிவிட்டு, இடது காதுக்குச் சற்று முன்னால் என் கையை ஆட்டினேன்.

"ம், ஆட்டு" என்றார்.

நான் ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பரீட்சை முடிந்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சந்தைக்கு வந்த பெண்களும் ஏறத் தொடங்கியிருந்தார்கள். "அண்ணே, இந்த நடைய எடுக்காதீங்க" என்றேன். "கிறுக்கா ஒனக்கு? எந்திரி" என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ்ஸே பார்த்தது. அவர் முகம் கறுத்துப்போனது; கத்தவில்லை. அன்று வேறொரு டிரைவர் வண்டியை எடுத்துப் போனார்.

மறுநாள் மதுரையில் பரிசோதித்தார்கள். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது, பக்கப் பார்வையில் பெரும்பகுதி போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று அவர் கேட்டபோது அண்ணன் என்னைப் பார்த்தார்.

நான்கு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "சாவிய உருவுனியே, கை நடுங்குச்சா?"

"நல்லா நடுங்குச்சுண்ணே."

"ம்" என்றார். குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இப்போது பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் டயர் கடை வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கொரு முறை என் காரில் அவரை மதுரைக்குக் கூட்டிப்போகிறேன். நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். போன முறை பாலவனத்தம் தாண்டி ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"எதுக்க காலியாத்தான கெடக்கு? ஏறிப் போ தாயி."

நன்றாகப் பார்த்துவிட்டு ஏறினேன். லாரியை ஒட்டி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் நெருக்கமாகவே போனேன். ஓரக்கண்ணால் பார்த்தபோது, அவருடைய வலது கால் காரின் வெறுந்தரையை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது.