கணக்கில் விட்ட எட்டு மணித்தியாலம்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். முப்பது வருசம் கொக்கிளாய்க் கடலில் தொழில் செய்தவன், எந்த இருட்டுக்கும் பயந்ததில்லை. நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கோ, ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கோ.

என் பிலோமினா அக்காவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ஒரே பிள்ளை ஜெறோம். கனடாவுக்குப் போய்ப் பதினான்கு வருசம், வதிவிடப் பத்திரம் இல்லாமல் ஒருமுறைகூட வர முடியவில்லை. அது கிடைத்த கையோடு ரொறன்ரோவில் பிளேன் ஏறிவிட்டான்.

"எவ்வளவு தூரம் தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"பதினாலாயிரம் கிலோமீற்றர் அக்கா."

"முல்லைத்தீவுக்குப் போறதைப்போல எத்தினை தரம்?"

"முந்நூற்றைம்பது தரம் வரும்."

"அவ்வளவுதானே, வந்திடுவான்," என்றார், பாவம்.

நேரக் கணக்குப் பார்த்தது நான்தான். முதல் பிளேன் பதின்மூன்று மணித்தியாலம், அடுத்தது ஐந்து, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வாகனத்தில் ஆறு. கூட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு உங்கட பிள்ளை இந்தக் கட்டிலில இருப்பான்" என்று சொல்லிவிட்டேன். நடுவில் ஒரு விமான நிலையத்தில் எட்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்று எனக்கு எங்கே தெரியும்? வள்ளம் வெளிக்கிட்டால் கரையில்தான் வந்து நிற்கும், நடுக்கடலில் யார் இறங்கி இருக்கிறது!

விடிய ஐந்து மணிக்குப் போன் வந்தது. "மாமா, இப்பதான் ரண்டாவது பிளேனில ஏறுறன்." விரல் மடித்துக் கணக்குப் பார்த்தேன், இனிப் பின்னேரம் நாலு மணிதான். அக்காவிடம் போய்ச் சொல்ல மனம் வரவில்லை.

ஏழு மணிக்குப் பாதர் வந்து அக்காவின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் நோயாளருக்கான எண்ணெய் பூசிச் செபித்துவிட்டுப் போனார். மனைவி குசினியில் கஞ்சி சூடாக்கினாள், நான் மட்டும் பக்கத்தில்.

"மணி எட்டோ தம்பி?"

"ஓம் அக்கா."

நம்பினால் நம்புங்கோ, இரண்டு கிழமையாகப் புரளக்கூட முடியாமல் கிடந்த மனுசி, சுவரோரமாக நகர்ந்து கட்டிலில் இடம் விட்டார். "வா ராசா, களைச்சுப்போனாய்," என்று வெறும் காற்றைப் பார்த்துச் சொன்னார். கடலுக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கு எங்கள் தாய்மார் நெற்றியில் போடுகிற மாதிரி, பெருவிரலால் ஒரு சிலுவை போட்டார். கை விழுந்தது. அவ்வளவுதான், அக்கா போய்விட்டார்.

ஜெறோம் பின்னேரம் நாலு மணிக்கு வந்தான். கட்டிலடியில் விழுந்து அழுதவன், கனநேரம் கழித்து, "மாமா, அம்மா என்னைத் தேடினவாவோ?" என்று கேட்டான்.

"இல்லையடா. நேற்று இரவே நினைவு தப்பிட்டுது. ஒண்டும் தெரியாமல் நித்திரையிலதான் போனவா."

வேறு என்ன சொல்ல? நாலு மணி என்று சொல்லியிருந்தால் நாலு மணி வரைக்கும் உயிரைப் பிடித்து வைத்திருப்பாவே, நான்தான் தவறவிட்டேன் என்றா?

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நான் மணிக்கூட்டை எங்கட நேரத்துக்கு மாத்தி வைச்சனான் மாமா. சரியா எட்டு மணி. பிளேனில கண் அயர்ந்தனான், நெத்தியில ஆரோ சிலுவை போட்டாங்கள். அம்மா இல்லையெண்டா, அது ஆர்?"

அவன் நெற்றியில் பெருவிரல் அகலத்துக்கு எண்ணெய் மினுங்கியது. பாதர் பூசிய அதே எண்ணெய் மணம்.

மூன்று வருசம் ஆகிறது. ஞாயிறு தோறும் கனடாவிலிருந்து போன் எடுத்து, கடைசியில் அதையே கேட்கிறான். எட்டு மணிக் கணக்கு என்னுடையது என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.